மஞ்சள் சட்டை சீசனின் கடைசி கோல்

1

ஆவடியிலிருந்து திருவள்ளூர் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு நெமிலிச்சேரி ஒரு நிமிட நிறுத்தம். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். மற்றவர்கள் போனைவிட்டுத் தலையைத் தூக்க மாட்டார்கள். தூக்கிப் பார்த்தால் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மைதானம் தெரியும். அதன் கோல் கம்பத்தில் எப்போதும் யாருடைய லுங்கியாவது காய்ந்துகொண்டிருக்கும். அதுதான் ரயிலடி பாய்ஸ் கால்பந்துக் குழுவின் மைதானம். அதற்குப் பக்கத்து மாடி வீடு எங்களுடையது.

என் பெயர் கோமதி. ஜெர்மனியில் கசல் என்கிற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்சாக வேலை செய்கிறேன். இந்தப் பொங்கலோடு இங்கே வந்து பதினெட்டு வருடம் முடிகிறது. இவ்வளவு வருடத்தில் குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போடவும், ஞாயிற்றுக்கிழமை மிக்சி போடாமல் இருக்கவும், வானிலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவும் கற்றுக்கொண்டேன். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை ஒரு குக்கர், ஐந்து கிலோ புளி, ஒரு சீசன். புளி இரண்டு வருடத்தில் தீர்ந்தது. குக்கருக்கு மூன்று முறை வாஷர் மாற்றியாயிற்று. சீசன் மட்டும் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீசன் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே போக முடியாது.

2

ரயிலடி பாய்ஸுக்கு அலுவலகம் கிடையாது, பதிவேடு கிடையாது, கோப்பைகளை வைக்க ஒரு அலமாரிகூடக் கிடையாது. ஜெயித்த கோப்பைகளில் ஒன்றில் டீக்கடை பாஸ்கர் ஸ்பூன் போட்டு வைத்திருந்தார். அதனால் குழுவின் சரித்திரத்தை ஆட்களிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஒரு சீசன் ஒரு ஆளுக்கு. யார் ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல், யாருக்கு அடிபட்டது, மழையா வெயிலா எல்லாம் அந்த ஆள் தலைக்குள் இருக்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. எழுதிவிட்டால் மறந்துவிடுவோம் என்று பாஸ்கர் சொல்வார். அவர்தான் இதற்கெல்லாம் தலைவர், நீதிபதி, டீ மாஸ்டர்.

பொங்கல் முடிந்து வருகிற முதல் ஞாயிறு சாயங்காலம், ஸ்டேஷனை ஒட்டிய பாஸ்கர் கடையில் எல்லோரும் கூடுவோம். ஒவ்வொருவராக எழுந்து தன் சீசனின் முக்கியமான மேட்ச்சைச் சொல்ல வேண்டும். எங்கள் சீசன்களுக்கு வருடக் கணக்கு இல்லை, பெயர்தான். மழை சீசன், செருப்பு சீசன், ரெண்டு கோலி சீசன். செருப்பு சீசனில் ஒரு மேட்ச் முழுவதும் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் ஹவாய் செருப்போடு ஆடினார், நடுவர் கடைசி வரை கவனிக்கவில்லை. அதைக் கேட்டு நாங்கள் வருடா வருடம் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்போம்.

சொல்லும்போது யாருக்காவது தப்பாகப் பட்டால் டீ கிளாஸைத் தூக்கி, "தப்பு" என்று சொல்லலாம். ஆனால் தப்பு என்றவர் சும்மா உட்கார முடியாது. அங்கேயே எழுந்து, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரைக்கும் முழு மேட்ச்சையும் அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரி என்று சபை ஒத்துக்கொண்டால் சீசன் அவருடையதாகிவிடும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் டீயும் பன்னும் அவர் செலவு. அதனால் வம்புக்கென்று கிளாஸைத் தூக்குகிறவர்கள் குறைவு.

என்னிடம் இருப்பது மஞ்சள் சட்டை சீசன். எங்கள் குழுவின் நிறம் நீலம். அந்த வருடம் திருமழிசையில் ஒரு தையல் யூனிட்டில் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். எங்கள் நீலச் சட்டைகள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன, அந்தப் பள்ளியின் மஞ்சள் சட்டைகள் எங்களுக்கு வந்தன. திருப்பி மாற்ற நேரமில்லை. சட்டைப் பையில் சூரியகாந்திப் பூ போட்டிருந்தது. அந்தப் பூவோடு ஆடி இறுதிப் போட்டிக்குப் போனோம்.

அந்த சீசனை முதலில் வைத்திருந்தவர் எங்கள் கோலி, கேட் கோபால். அவர் கத்தாருக்கு வேலைக்குப் போனபோது அதை யாரிடம் ஒப்படைப்பது என்று பேச்சு வந்தது. கோபால் அண்ணன் என் பெயரைச் சொன்னார். அப்போது நான் ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சீசன் என்று ஒருவர் கேட்டதற்கு, கோபால் அண்ணன், "நாமெல்லாம் கீழ நின்னு பாத்தோம். மாடியிலருந்து முழு கிரவுண்டையும் பாத்தது அது ஒண்ணுதான்" என்றார்.

சபை ஒத்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இருபது வருடத்தில் இரண்டு முறை நேரில் போய்ச் சொன்னேன், பிறகு போனில், பிறகு வீடியோவில்.

3

இந்த சீசனால் எனக்கு ஜெர்மனி குடியுரிமை தள்ளிப்போன கதையையும் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் எந்த அமைப்பிலாவது உறுப்பினராக இருக்கிறீர்களா? பொய் சொல்லக் கூடாதே என்று ரயிலடி பாய்ஸ் என்று எழுதினேன். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். அமைப்பு என்ன செய்யும் என்றார். வருடத்துக்கு ஒருமுறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூடுவோம் என்றேன். கூடி என்ன செய்வீர்கள்? பழைய ஆட்களின் பெயர்களைச் சொல்வோம். பதிவுகள் உண்டா? எதையும் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் பொறுப்பு என்ன? மஞ்சள் சட்டை என்றேன்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு கட்சிப் படையாக அலைந்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என் அரைகுறை ஜெர்மனில் நாங்கள் உண்மையில் நீலம், ஒரு வருடம் மட்டும்தான் மஞ்சள் என்று விளக்கியதில் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் கால்பந்து என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், அதுதான் வாயில் வரவில்லை. ஒரு பக்கத்துக்குத் தனி விளக்கம் எழுதிக் கொடுத்து, மைதானத்தின் படத்தையும் லுங்கியோடு சேர்த்து இணைத்துச் சமாளித்தேன். உண்மை சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதாதவள் நான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேலை இருக்கிறது.

4

அந்த இறுதிப் போட்டி ஆவடி குவார்ட்டர்ஸ் டீமோடு, எங்கள் மைதானத்தில். எனக்குப் பதினெட்டு வயது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். கடைசி சில நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை.

எங்கள் நட்சத்திரம் ஏழுமலை அண்ணன். என் பெரியப்பா மகன். தலையால் முட்டிக் கோல் போடுவதால் ஊரே அவரை மண்ட ஏழுமலை என்று கூப்பிடும். அம்பத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையிலிருந்து, தங்கள் கம்பெனி டீமுக்கு ஒரு ஆள் எடுக்க வேண்டும் என்று ஒரு அதிகாரி அன்று மேட்ச் பார்க்க வந்திருந்தார். பெரியப்பா வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். நிலத்தை விற்ற காசு வந்த வேகத்தில் போய்விட்டிருந்தது. அந்த வேலை எங்கள் இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு தேவை என்று எனக்கும் தெரியும்.

இடது பக்க பேக் ஆடியவர் தாஸ். முழுப்பெயர் மோகன்தாஸ். அவர் அப்பாவும் அம்மாவும் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். தாஸ் வெறுங்காலோடு ஆடுவார். பூட்ஸ் இல்லாததால்தான் என்பதை நாங்கள் யாரும் பேசியதில்லை, அது அவர் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டோம்.

வலது பக்கத்திலிருந்து கார்னர் வந்தது. ஏழுமலை அண்ணன் எகிறினார். புழுதிக்குள் பத்து பேர். கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது அண்ணன் எகிறியதும், பந்து வலைக்குள் கிடந்ததும்தான். மாடியிலிருந்த எனக்கு நடுவில் நடந்ததும் தெரிந்தது. பந்து அண்ணன் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் போனது. மறுபக்கக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓடிவந்த தாஸின் கால் முட்டியில் பட்டு உள்ளே போனது.

மைதானம் முழுக்க அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. நடுவர் அண்ணன் பெயரை எழுதினார். தாஸ் வலைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி எங்கள் மாடியைப் பார்த்தார். நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் குனிந்து துணி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி துணி காயவே இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அப்பா, வேலைக்கு ஆர்டர் வரப்போகுது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றார். மூடிக்கொண்டேன். அண்ணனுக்கு வேலை கிடைத்தது. இரண்டு அக்காக்களுக்கும் கல்யாணம் ஆனது. பிறகு சீசன் என் கைக்கு வந்தபோது, இருபது வருடம் ஒவ்வொரு பொங்கலுக்கும், எல்லோரும் கேட்க விரும்பிய மாதிரியே சொன்னேன். மண்ட ஏழுமலை எகிறினார், முட்டினார், கோல். அந்த இடத்தில் எப்போதும் விசில் பறக்கும். தாஸ் ஒரு வருடம்கூட அந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல சவாரி என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள். நானும் அதை நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

5

என் மகள் மீராவுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும். பேசும்போது ஆண், பெண், நாய், பூனை எல்லோரும் "அவன்"தான். தோசையை முள்கரண்டியால் சாப்பிடுகிறாள். ரயிலடி பாய்ஸ் பற்றி நான் ஆரம்பித்தால் காதில் எதையோ மாட்டிக்கொள்வாள். என்னிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்தது கால்பந்து ஒன்றுதான், அதுவும் இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடுவதால்.

போன நவம்பரில் அவள் குழுவின் கடைசி மேட்ச். கோல் முன்னால் ஒரே களேபரம், பந்து உள்ளே போனது, பயிற்சியாளர் மேட்ச் அறிக்கையில் மீரா பெயரைப் பதிந்துவிட்டார். இங்கே பிள்ளைகள் மேட்ச்சுக்குக்கூட இணையத்தில் அறிக்கை ஏறிவிடும். மீராவுக்கு அந்த வருடத்தின் முதல் கோல். நான் அதைப் படமெடுத்து ரயிலடி வாட்ஸப் குழுவில் போட்டேன். ஐம்பது கைதட்டல் வந்தது. ஏழுமலை அண்ணன் குரல் செய்தியே அனுப்பினார். "ரத்தம் பேசுது கோமு" என்றார்.

வீட்டுக்கு வந்த மீரா ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அது என் கோல் இல்ல. லீனா கால்ல பட்டு போச்சு. அவன் பண்ணான்" என்றாள். லீனா அவள் குழுவில் ஒரு பெண். வந்து ஒரு வருடம்கூட ஆகாத குடும்பம்.

பேர் ஏறிவிட்டது, விடு, அடுத்த வருடம் லீனாவும் போடுவாள் என்றேன்.

"நீ பாத்தியா?" என்றாள்.

நான் வேலிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பார்த்தேன் என்றேன்.

"அப்புறம் ஏன் விடு சொல்ற?"

மறுநாளே அவள் தன் கால்பந்துக் கழகத்துக்கு எழுதினாள். கழகம் வட்டார அலுவலகத்துக்கு எழுதச் சொன்னது. வட்டார அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. படிவத்தில் பயிற்சியாளர் கையெழுத்து வேண்டும், நடுவர் கையெழுத்து வேண்டும். நடுவர் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். டிசம்பரில் பதில் வந்தது. திருத்தத்துக்கான கெடு இரண்டு வாரம், அது முடிந்துவிட்டது, வருந்துகிறோம்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். மீரா அடுத்த பயிற்சி நாளில் எல்லோரும் உடை மாற்றும் அறையில், பெஞ்ச் மேல் ஏறி நின்று, அது லீனாவின் கோல் என்று சொல்லியிருக்கிறாள். கழகத்தின் அறிவிப்புப் பலகையில் அறிக்கையை அச்செடுத்து ஒட்டி, தன் பெயரை அடித்துவிட்டு லீனா பெயரைப் பேனாவால் எழுதினாள். அடுத்த நாள் என்னிடம், வாட்ஸப்பில் இருக்கும் அங்கிள்களிடமும் நீ சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். "போனா போது, அடுத்தது போடும்" என்று பாஸ்கர் எழுதினார்.

அன்றைக்கு வேலைக்குப் போகும் டிராமில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. என் பிள்ளை என்னைவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் நான் நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்கிறாள். நான்தான் இன்னும் அந்த மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறேன். டிராமிலிருந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது.

6

சொல்வதற்கு முன்னால் தாஸிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவர் நம்பர் என்னிடம் இல்லை. இருபது வருடமாக அவர் கதையைச் சொல்கிறேன், அவர் நம்பர் இல்லை. பாஸ்கரிடம் வாங்கினேன்.

தாஸ் ஆவடி ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நர்சிங் சேர்ந்ததிலிருந்து என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அதற்கு முன்னால் பாப்பா என்பார், எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு சிஸ்டர் இப்போ அது? அந்தாண்ட அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு, இந்தாண்ட நான் பேரப்புள்ள எடுத்துட்டேன். சொம்மா உட்டுடு."

உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான் சொல்லப் போகிறேன் என்றேன். அன்றைக்கு நீங்கள் மேலே பார்த்தீர்கள், நான் குனிந்துகொண்டேன், அதைச் சரி செய்ய எனக்கு வேறு வழி இல்லை என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

பூந்தமல்லி, பூந்தமல்லி என்று அவர் யாரையோ கூப்பிட்டார். பிறகு என்னிடம், "சீசன் போய்டும் சிஸ்டர். உங்க அண்ணாத்தே கிளாஸ தூக்குவாரு. அவரு சொன்னா எல்லாம் தலைய ஆட்டும்" என்றார்.

போனால் போகட்டும் என்றேன்.

"அப்ப முழு பேரா சொல்லு. சொம்மா தாஸுனு சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டதற்கு, சவாரி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

7

அங்கே சாயங்காலம் நாலரை, இங்கே மதியம் பன்னிரண்டு. பாஸ்கர் போனை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்தார். இருபது பேர் இருந்தார்கள். முன் பெஞ்சில் ஏழுமலை அண்ணன், தலையில் முக்கால்வாசி முடி போயிருந்தது. பந்து முட்டித்தான் முடி போனது என்று வருடா வருடம் யாராவது சொல்வார்கள், இந்த வருடமும் சொன்னார்கள். என் சமையலறையில் மீரா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதில் எதுவும் மாட்டவில்லை.

என் முறை வந்தது. பதினொரு பெயரையும் சொன்னேன். சூரியகாந்திப் பூ, டாஸ், பிரகாசத்துக்குக் கிடைத்த மஞ்சள் அட்டை, கோபால் அண்ணன் விரல் நுனியால் தட்டிவிட்ட ஷாட். கார்னர் வந்தது. எல்லோரும் விசிலடிக்க உதட்டில் விரல் வைத்துவிட்டார்கள்.

பந்து ஏழுமலை அண்ணன் தலையில் படவில்லை என்றேன். ஒரு முழம் மேலே போனது. மோகன்தாஸ் ஓடிவந்தார், அவர் முட்டியில் பட்டுக் கோல் ஆனது. மாடியிலிருந்து பார்த்தேன். இருபது வருடமாக மாற்றிச் சொன்னேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

உதட்டிலிருந்த விரல்கள் கீழே இறங்கின. ஒருவர் செருமினார். ஏழுமலை அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. நான் ஜெர்மனிக்கு வந்தபோது விமானநிலையத்துக்குப் பெட்டி தூக்கி வந்தவர். அவர் மெதுவாக டீ கிளாஸைத் தூக்கினார்.

"தப்பு" என்றார்.

பாஸ்கர் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துக் கல்லாவைத் துடைத்தார். ஆனால் விதி விதிதான். எழுந்து சொல்லுண்ணே என்றார்.

அண்ணன் எழுந்தார். நன்றாகச் சொன்னார். ஆடினவர் அல்லவா, எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இடைவேளையில் எலுமிச்சம்பழம் பத்தாமல் போனது, குவார்ட்டர்ஸ் கேப்டன் காதில் சொன்ன கெட்ட வார்த்தை, யார் யாரை எங்கே இடித்தார்கள் என்பதுகூட. கூட்டம் தலையாட்ட ஆரம்பித்தது. சீசன் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும், சொல்லிவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கார்னர் வந்துச்சு" என்றார் அண்ணன். "நான் எகிறினேன்."

நின்றுவிட்டார். ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது.

"எகிறினேன்" என்றார் மறுபடி. கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார், அதை பெஞ்சில் வைத்தார். "மண்டைல படல. அவன் முட்டில பட்டுத்தான் உள்ள போச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

உட்கார்ந்தார். கடைசி விசில் வரைக்கும் சொல்ல வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பாஸ்கர்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நீ தப்புனு சொன்னதுதாண்ணே தப்பு. சீசன் கோமதிக்கே" என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். எல்லோருக்கும் டீயும் பன்னும் போடச் சொன்னார். பிறகு, ஒரு டீ பார்சல் கட்டு, ஒரு பன்னும் வை என்றார்.

நான் போனை வைத்ததும் மீரா தட்டைக் கழுவப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மஞ்சள் சட்டை படம் இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லி, தேடி எடுத்துக் காட்டினேன்.

8

இரண்டு மணி நேரம் கழித்துத் தாஸிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் ஹாரன் சத்தம். அதை இதுவரை பத்து முறையாவது கேட்டிருப்பேன்.

"சிஸ்டர், உங்க அண்ணாத்தே ஸ்டாண்டுக்கு வந்தாரு. ஒண்ணியும் பேசல. முன்னாடி என் பக்கத்துல ஏறி குந்திகினாரு. நெமிலிச்சேரிலருந்து டீ வாங்கியாந்து கீறாரு, கவர்ல. ஆறிப்போய் கீது. குடிச்சேன். பூந்தமல்லி வரைக்கும் கூடவே வந்தாரு, திரும்பவும் வந்தாரு. எறங்க சொல்லோ, தாஸு, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்டான்னாரு. சரிண்ணேன்னேன்." நடுவில் யாரோ சில்லறை கேட்டார்கள், கொடுத்தார். "இன்னொண்ணு. நீயும் முட்டின்ற, அவரும் முட்டின்றாரு. முட்டி இல்ல சிஸ்டர், கணுக்காலு. ஒரு வாரம் வீங்கிகினு இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் தப்பா சொன்னா நான் வந்து கிளாஸ தூக்குவேன்."

அடுத்த பொங்கலுக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் இல்லத்தின் மேலாளர், அதற்குள் என்ன அவசரம், என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு சீசனை ஒப்படைக்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். மீராவும் வருகிறாள், அவளே கேட்டாள்.

பாஸ்கர் கடையில், பிஸ்கட் பாட்டிலில் சாய்த்த போனுக்குள் இல்லாமல், நேரில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். பதினொரு பெயர், சூரியகாந்திப் பூ, கார்னர் எல்லாம். பந்து மோகன்தாஸின் முட்டியில் பட்டது என்று சத்தமாக, தப்பாகச் சொல்வேன். தாஸ் கிளாஸைத் தூக்க வேண்டும். தூக்கினால் எழுந்து நின்று முதல் விசிலிலிருந்து அவரே சொல்லியாக வேண்டும், அதுதான் விதி.